ஊஞ்சலூர் ஹோம் சிக்னல்

உள்ளே இந்நேரம் விளக்கை அணைத்திருப்பார்கள். சுகந்தி இருட்டில் உட்கார்ந்திருப்பாள், எதிர்ச் சுவரோரம் ஒரு டப்பாவிலிருந்து கடுகளவு வெளிச்சம் வரும், என்ன நிறம் என்று டாக்டரம்மா கேட்பார், அவள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. சிவப்பு, பச்சை, மஞ்சள், நடுவில் ஏமாற்றுவதற்கு ஒரு வெள்ளை. பால்வாடிப் பிள்ளை சொல்லிவிடும். பால்வாடிப் பிள்ளைக்குப் பின்னால் நிலக்கரி ஏற்றிய வேகன்கள் வரிசையாக வராது, அதுதான் வித்தியாசம். நான் ரயில்வே ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு வெளியே, சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி இருக்கிறேன். கதவுக்குப் பச்சை பெயின்ட். முழுப் பச்சை இல்லை, நீலம் கலந்தது, என் கம்ப்யூட்டரில் இருந்தால் நீலத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன் நான். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு மஞ்சளையும் குங்குமத்தையும் பட்டுச்சேலையையும் திருத்திக்கொண்டிருப்பவனுக்கு ஒரு கதவைக்கூடச் சும்மா பார்க்க வராது. பெண்ணின் கன்னத்தில் மண்டப லைட்டின் பச்சை விழுந்திருந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும். கழுத்து மாலையில் ஒரு ரோஜா வாடியிருந்தால் தெரியும். எல்லாம் தெரிகிற இந்தக் கண்ணுக்கு, பக்கத்தில் படுத்து எழுகிறவளின் கண்ணிலிருந்து நிறம் வடிந்துகொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. அவளே சொல்லிவிட்டாள், எனக்கே தெரியலை, உங்களுக்கு எப்படிங்க தெரியும் என்று. கதவைப் பார். கதவு திறக்கவில்லை.

சுகந்தி கூட்ஸ் வண்டி லோகோ பைலட். வெளியாட்களிடம் நான் அப்படிச் சொல்வதில்லை, ரயில் ஓட்டறாங்க என்பேன். ஆல்பம் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டு அம்மாக்கள் பக்கம் புரட்டுவதை நிறுத்திவிட்டு, யாரு, உங்க வீட்டுக்காரம்மாவா, நெசமாவா தம்பி என்று கேட்பார்கள். அந்தக் கணத்துக்காகவே பேச்சை அந்தப் பக்கம் திருப்புவேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பாசூர் ரயில்வே கேட்டில் பைக்கை நிறுத்தியிருந்தேன். கேட் போட்டிருந்தது, கரூர்ப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வந்தது, இன்ஜின் ஜன்னலில் அவள். நான் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை, கோபம் இல்லை, சிரிப்பு இல்லை, மொத்த உடம்பும் கண்ணாகிவிட்ட மாதிரி. அவ்வளவு இரும்பும் அந்த முகத்துக்குப் பின்னால் அடங்கி ஒடுங்கி வந்தது. வண்டி போய், கேட் தூக்கி, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டும் வரை நான் நகரவில்லை. போன வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அதில் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்ததில் டி.பி. என்றார்கள், யாருக்கும் ஒட்டாத வகை, பயப்பட ஒன்றுமில்லை, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினால் போதும், அது வரை வண்டி ஏறக் கூடாது. மாத்திரையைக் கொடுத்த டாக்டர் அன்றைக்கே சொன்னார், இதில் ஒரு மாத்திரை சிலருக்குக் கண்ணைத் தொடும், பார்வை மங்கினாலும் சரி, நிறம் மாறித் தெரிந்தாலும் சரி, உடனே சொல்லுங்கள் என்று. நாங்கள் இருவரும் தலையாட்டினோம். தினமும் காலையில் எதிர்ச் சுவர்க் காலண்டரில் இருக்கிற பொடி எழுத்தை வாசிப்பாள், ராகு காலம் எமகண்டம் எல்லாம் கடகடவென்று வரும். மங்கவே இல்லை. மங்கலைத்தான் நாங்கள் காவல் காத்துக்கொண்டிருந்தோம். அது வேறு வழியாக வந்தது.

வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. அரிசி டப்பாவைக் கழுவி அடுக்குவாள், கவிழ்ப்பாள், திரும்ப அடுக்குவாள். கூட்ஸ் ஒன்று ஊதிக்கொண்டு போனால் அடுப்படியில் நின்றபடி, இது பழைய இன்ஜின், இவன் ஏன் இவ்வளவு மெதுவாப் போறான் என்பாள். அப்போதுதான் என் ரயில் விளையாட்டு அவள் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற விளையாட்டு, வேலை இல்லாத நேரத்தில் ஏதோ ஒரு பனி நாட்டில் சிவப்பு ரயில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் பின்னால் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஈரோடு கரூர்ப் பாதையை யாரோ ஒரு புண்ணியவான் செய்து வலையில் இலவசமாகப் போட்டிருந்தான், அதை இறக்கி அவளுக்குக் காட்டினேன். ஸ்டேஷன் கட்டடம், தென்னந்தோப்பு, கொடுமுடிக் கோபுரம்கூட வைத்திருந்தான். அவளுக்கு முகம் மலர்ந்தது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம்தான், முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, இதென்ன எல்லாச் சிக்னலும் பச்சையாவே இருக்குது?" அவன் கம்பத்தை நட்டு பச்சை விளக்கை மாட்டியதோடு சரி, எதுவும் எதற்கும் மாறாது, முன்னால் ஒரு வண்டி நின்றாலும் பச்சை. "இது சிக்னல் இல்லீங்க, சீரியல் செட்டு," என்றாள். "கோயில் திருவிழாவுக்குக் கட்டலாம்." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாமளே வெச்சா என்ன, என்று நான்தான் கேட்டேன். கேட்டபோது அது என்ன வேலை என்று எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா. கேட்டிருப்பேன். சிக்னல் என்றால் ரோட்டு முக்கில் இருப்பது மாதிரி நில், போ என்று சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது, ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததைப் பற்றிப் பேசுகிறது. ஸ்டேஷனுக்கு வெகு தூரம் முன்னாலேயே டிஸ்டன்ட் என்று ஒன்று, அது நிறுத்தாது, ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஹோம் சிக்னலில் என்ன காத்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஹோம் சிவப்பு என்றால் டிஸ்டன்ட் மஞ்சள். பாரம் ஏற்றிய வண்டி நினைத்த இடத்தில் நிற்காது, அதனால் யாரோ முன்னாலேயே போய் நின்று, அங்கே இப்படி இருக்கிறது, இப்போதே மெதுவாக்கு என்று சொல்ல வேண்டும். அவள் சோபாவில் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், நான் வைப்பேன். "நொய்யல் டிஸ்டன்ட் இன்னும் அக்கட்டத் தள்ளுங்க. வளைவு முடிஞ்சு பனைமரம் ரெண்டு வரும், அது தாண்டினாத்தான் தெரியும். ஆ, அங்கதான். மரத்தை வெட்டிடாதீங்க, அந்த மரம் மறைக்கறது நெசம்." முழுப் பாதையும் மூடிய கண்ணுக்குள் இருந்தது அவளுக்கு, மழைக்காலத்தில் எப்படி, கரும்பு வளர்ந்து நிற்கும்போது எப்படி, எதிர்வெயில் விழுந்தால் எந்த விளக்கு ஏமாற்றும். நான் ஒரு கம்பத்தை ஒரு கை அளவு தள்ளி வைத்தாலும் கண்டுபிடித்தாள். பிறகு ஒன்றோடொன்று கோக்கிற வேலை. வண்டி ஒரு துண்டுப் பாதைக்குள் நுழைந்ததும் அதற்குப் பின்னால் இருப்பது சிவப்பாக வேண்டும், அதற்கும் பின்னால் மஞ்சள். நான் எங்கேயோ பிசகி, முன்னால் வண்டி நிற்கும்போது பின்னால் பச்சை விழுந்துவிட்டது ஒரு தடவை. அவள் மேஜையை ஓங்கித் தட்டினாள். விளையாட்டுத்தானே சுகந்தி என்றேன். "என்ன விளையாட்டு?" என்றாள். இன்னொரு நாள் ஒரு சிக்னலில் விளக்கே எரியவில்லை, அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று கேட்டேன். "லைட்டே எரியலைன்னா சிவப்புன்னுதான் எடுத்துக்கோணும். சந்தேகமா இருந்தாலும் நிக்கோணும்." கம்பி அறுந்தாலும், கரன்ட் போனாலும், மிஷின் கெட்டாலும் எல்லாம் நிற்கிற பக்கமாகவே சாய்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒருவர் என்றைக்கோ உட்கார்ந்து, என்னென்ன கெடலாம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு கேடும் முகம் தெரியாத ஒருவரைக் காப்பாற்றுகிற மாதிரி திருப்பிவிட்டிருக்கிறார்.

உள்ளே ஏதோ பேச்சுச் சத்தம். நாற்காலி இழுக்கிறார்கள். முடிந்துவிட்டதா. இல்லை, கதவு அப்படியே இருக்கிறது, ஒருவேளை ஒரு கண்ணை மூடி மறு கண்ணைப் பார்க்கிறார்களோ என்னவோ. இடது கண்தான் பயம். இடது கண் மெதுவாகத்தான் தேறிவருகிறது என்று போன முறை சொன்னார்கள். பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருக்கிறேன், பிய்ந்துவிடும், விடு. மஞ்சளில்தான் தொடங்கியது, இப்போது யோசித்தால் தெரிகிறது. சிக்னல் மஞ்சள் மாதிரி ஒரு மஞ்சளை நான் கல்யாண ஆல்பத்தில் பார்த்ததே இல்லை, தாலிக் கயிற்று மஞ்சளும் இல்லை, சந்தைக்கு வருகிற விரலி மஞ்சளும் இல்லை, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் போய் தயங்கி நிற்கிற ஒன்று. அதைப் பிடிப்பதற்காக ஈரோடு ஜங்ஷனில் பிளாட்ஃபாரக் கோடியில் போய் சாயங்காலம் பூராவும் நின்றேன், போர்ட்டர் ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார். கண்ணுக்குள் அந்த மஞ்சளை வைத்துக்கொண்டு, ஒருவரோடும் பேசாமல், வீடு வந்து கம்ப்யூட்டரில் இறக்கினேன். அச்சாக வந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது. கொஞ்சம் செத்தாப்புல இருக்கு." ஏற்றினேன். இன்னும் செத்தாப்புலதான் என்றாள். அதற்கு மேல் ஏற்றினால் பொய்யாகிவிடும் என்றேன். சின்னதாகச் சண்டை. அதே வாரம் ஓர் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, ஏனுங்க பொண்ணு சேலையை இப்படி வெளுக்க வெச்சிருக்கீங்க என்றாள், அது அரக்குச் சிவப்புக் கூரைச் சேலை, கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. என் தொழிலில் குறை சொல்கிறாளே என்று கோபம் வந்தது எனக்கு. ரசத்தைப் பார்த்துத் தக்காளி பழுக்கவே இல்லையா என்றாள். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து போனது, ஒன்றோடொன்று கோக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்திருந்தோம், கறிக்குழம்பு வாசம் இன்னும் வீட்டில் இருந்தது. எல்லாச் சிக்னலும் வைத்தாயிற்று, ஓட்டிப் பாரு என்றேன். கை கழுவிவிட்டு வந்து, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "நீங்கதான் அசிஸ்டன்ட். நான் சிக்னலைக் கூப்பிட்டா நீங்க பாத்துட்டுத் திருப்பிச் சொல்லோணும். பாக்காமச் சொல்லக் கூடாது." கரூரிலிருந்து ஈரோட்டுக்கு, பின்னால் நிலக்கரி. விசைப்பலகையில் விரலை வைத்ததும், பாசூர் கேட்டில் பார்த்த முகம் வந்துவிட்டது. அடேயப்பா. எங்கள் வீட்டு ஹாலில், டேபிள் ஃபேனுக்கு முன்னால், அந்த முகம். ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப விடுகிற சிக்னலை ஒரு கையை நீட்டி விரலால் சுட்டி, "ஸ்டார்ட்டர் கிரீன்." நான், "ஸ்டார்ட்டர் கிரீன்." குரல் இரண்டும் மோதி ஒன்றானபோது எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது, இத்தனை வருஷம் யாரோ ஒருவன் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். புகளூர் தாண்டியது. பாரத்தின் இழுப்பை அவள் தோளில் பார்த்தேன், மேட்டுக்கு முன்னாலேயே வேகம் கொடுத்து, இறக்கத்துக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து, இல்லாத வேகன்கள் ஒன்றையொன்று இடிக்காமல் கூட்டிக்கொண்டு வந்தாள். நொய்யல் டிஸ்டன்ட் பனைமரத்தைத் தாண்டியதும் தெரிந்தது, மஞ்சள், அவ்வளவு தூரத்திலேயே பளிச்சென்று. அவள் கூப்பிடவில்லை. காத்திருந்தேன். இன்னும் கூப்பிடவில்லை. கம்பம் பெரிதாகி, விளக்குகள் தனித்தனியாகத் தெரிந்த பிறகு, "டிஸ்டன்ட் யெல்லோ" என்றாள். எவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதை நான் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது, அவள் நிஜத்தைப் பார்த்தவள், நிஜத்தில் இவ்வளவு தூரம் தெரியாது போல, என்று நினைத்துக்கொண்டேன். கொடுமுடியிலும் அப்படித்தான். தாமதமாக, ஆனால் சரியாக. குறித்துக்கொண்டேன், பிறகு திருத்த வேண்டும் என்று.

ஊஞ்சலூரில் ஒரு பாசஞ்சர் வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன், அவளை ஹோம் சிக்னலில் காக்க வைப்பதற்காக. டிஸ்டன்ட் மஞ்சள். கூப்பிட்டாள், திருப்பிச் சொன்னேன், வேகத்தைக் குறைத்தாள், அழகாக, ஒரு குலுக்கல் இல்லாமல். வளைவு திரும்பியதும் ஹோம் சிக்னல். சிவப்பு. நல்ல சிவப்பு. அவள் முகம் இளகியது, கை நீண்டது. "ஹோம் கிரீன்," என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை பண்ணுகிறாள். வண்டியின் வேகம் ஏறியது. "திருப்பிச் சொல்லுங்க," என்றாள், கண்ணை எடுக்காமல். சிக்னல் எங்களைத் தாண்டிப் பின்னால் போனது. திரை இருண்டு, ஆபத்துச் சிக்னலைக் கடந்துவிட்டீர்கள் என்று இங்கிலீஷில் வந்து, ஆட்டம் நின்றுவிட்டது. "என்னுங்க இது, கிரீன் குடுத்துட்டு வண்டியை நிறுத்தறீங்க?" சிரித்துக்கொண்டே திரும்பினாள். "சுகந்தி, அது ரெட்டு." "கிரீனுங்க. மேல் லைட்டுதான் எரிஞ்சுது." மேல் லைட்டா. நான் அவசரமாகப் பின்னால் போய்க் கம்பத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். நம் ஊர் ஹோம் சிக்னலில் பச்சை மேலே, மஞ்சள் நடுவில், சிவப்பு கீழே. நான் எடுத்தாண்டது வேறு ஏதோ நாட்டுக்காரன் செய்த கம்பம், அதில் சிவப்பு மேலே. எல்லா ஸ்டேஷனிலும் திருத்தியிருந்தேன், ஊஞ்சலூரை மட்டும் விட்டுவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம். என் தப்புதான், என் தப்புதான் சுகந்தி, தலைகீழா வெச்சுட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பாக்கும்போது அது என்ன கலருங்க?" "ரெட்டு." "நல்ல ரெட்டா?" என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "நல்ல ரெட்டு." அவள் மெல்லச் சொன்னாள். "எனக்குக் கலர் தெரியலீங்க. லைட்டு எரியற எடத்தைப் பாத்துத்தான் சொல்லியிருக்கேன். கரூர்ல இருந்து எடத்தைப் பாத்தே வந்திருக்கேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரம் எழுந்து போயிருப்பார்கள். அடுப்படிக்கோ, பாத்ரூமுக்கோ. நான் போயிருப்பேன். அவள் நாற்காலியை மேஜைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "கம்பத்தை எடுத்துருங்க. கருப்பா ஒரு பக்கம் வெச்சு, நடுவுல ஒரே ஒரு புள்ளி போடுங்க. நான் திரும்பிக்கறேன், நீங்க கலரை மாத்துங்க." ஆல்பம் செய்கிற சாஃப்ட்வேரில் கருப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து புள்ளி வைத்தேன். சிவப்பு வைத்தேன். திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம். "பச்சை. இல்லை. தெரியலை." மஞ்சள் வைத்தேன், வெள்ளை என்றாள். பச்சைக்குப் பச்சை என்றாள். மறுபடி சிவப்பு, பழுப்பு மாதிரி இருக்குது என்றாள். மறுபடி மஞ்சள், பச்சை என்றாள், நான் சரி என்றேன். சட்டென்று என்னைப் பார்த்தாள். "உங்க குரல் மாறுது. பொய் சொல்லாதீங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க." அதற்குப் பிறகு நான் தப்பு, தப்பு, சரி, தப்பு என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தப்புக்கும் அவள் தலையை அசைத்தாள், வேறொருத்தியின் கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி. அழுதது நான்தான். அவள் மாத்திரை அட்டையை எடுத்து வந்து பேரைப் பார்த்தாள், டாக்டர் சொன்னாரே, நிறம் மாறினா உடனேன்னு, என்றாள். போனை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, டியூட்டி டாக்டர்தான் கிடைத்தார். "சார், வணக்கம். நான் லோகோ பைலட் சுகந்தி. டி.பி. மாத்திரை சாப்பிட்டுட்டிருக்கேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியலீங்க. கொஞ்ச நாளாவே இருந்திருக்கும், இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சோம்." அவ்வளவுதான். குரலில் ஒரு பிசிறு இல்லை. தன் பிழைப்பையே அறுத்துப்போடுகிற வாக்கியம் அது என்று அவளுக்குத் தெரியும். அந்த மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள், காலையில் கண் டாக்டரிடம் வாருங்கள் என்றார் அவர். போனை வைத்தாள். மேஜை மேல் கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தாள். "ஊஞ்சலூர் ஹோமை மாத்திருங்க. மறந்துடாதீங்க. நீங்க அதை வலையில போட்டீங்கன்னா வேற யாராவது ஓட்டுவாங்க, அவங்களுக்குத் தப்பாப் பழகிரும்." அன்றைக்கு ராத்திரி முழுக்க மனசுக்குள் அந்த வார்த்தையையே புரட்டிக்கொண்டு கிடந்தேன். தனக்கு நிறம் போய்விட்ட பொழுதில், எங்கோ யாரோ ஒரு முகம் தெரியாதவன் தப்பாகப் பழகிவிடக் கூடாது என்று ஒரு மனுஷிக்குத் தோன்றுமா. தோன்றியது. என் வீட்டில், ஃபேனுக்கு முன்னால்.

நல்ல வேளையாக வந்தீர்கள், மீதி மாத்திரையும் போட்டிருந்தால் நரம்பு திரும்பாமலே போயிருக்கலாம் என்றார் கண் டாக்டரம்மா மறுநாள். திரும்பும் என்று சொல்லவில்லை. பல பேருக்குத் திரும்பும் என்றார். பல பேர் என்றால் எத்தனை பேர், அதில் நாங்கள் உண்டா, அன்றிலிருந்து அந்தப் பல பேரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், முகம் தெரியாத அவர்கள் மேல் பொறாமைகூட வந்தது. வேறு மாத்திரை கொடுத்தார்கள், கட்டி கரைந்தது. நிறம் வருகிறதா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது, அவளைத் தவிர. நான் திருட்டுத்தனமாகச் சோதித்தேன். காய்கறிக் கடையில் பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் கலந்து கையில் வைத்துக்கொண்டு, இது எப்படி இருக்கு என்று கேட்டேன். மேட்டூர் ரோட்டு சிக்னலில் பைக்கை நிறுத்தி, விழுந்துருச்சா பாரு என்று கேட்டேன். "பரீட்சை வெக்காதீங்க," என்றாள், முதுகில் ஒரு அடி வைத்து. பிறகு ஒரு காலையில், கொடியில் காயப் போட்டிருந்த என் பழைய லுங்கியைப் பார்த்து, ஏனுங்க இது சிவப்புக் கட்டமா, நான் இவ்வளவு நாளா காப்பிக் கலர்னு நினைச்சுட்டிருந்தேன் என்றாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் நுரையோடு அப்படியே நின்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது, தக்காளி வந்தது, முருங்கைக்கீரை வந்தது, எதிர்வீட்டு கேட் வந்தது. சிக்னலும் வந்தது, ஊஞ்சலூரைத் திருத்தி ஓட்டிப் பார்த்தோம், சரியாகச் சொன்னாள். ஆனால் அதில் இடம் தெரிகிறதே. இங்கே இடம் இல்லை. இருட்டில் ஒற்றைப் புள்ளி. இந்தப் பரீட்சை போய்விட்டால் அவளை ஏதாவது ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், சம்பளம் வரும், மரியாதையும் வரும், அந்த முகம் வராது. நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு வேண்டியது அந்த முகம்தான். கேட் போட்ட பாதையில், நான் கையாட்டினாலும் என்னைப் பார்க்காத முகம்.

கதவு திறக்கிறது. சுகந்தி வந்துவிட்டாள். வெளிச்சம் கூசி, கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு என்னைத் தேடுகிறாள். நான் எழுந்ததில் பை விழுந்து சீப்பும் சில்லறையும் சிதறுகின்றன. "எல்லாம் சரியாச் சொன்னியா?" என்கிறேன், குனிந்து பொறுக்கியபடி, முகத்தைப் பார்க்கப் பயந்து. "சொன்னேனுங்க. எல்லாமே சரின்னு டாக்டரம்மா எழுதினாங்க." எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன், வராண்டாவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுகூட நினைவில் இல்லை. "அப்புறம் கதவுகிட்ட வந்துட்டு, திரும்பிப் போனேன்," என்கிறாள். "எதுக்கு?" "இடது கண்ணுல ஒண்ணு, மஞ்சள்னு சொன்னது, அது தெரிஞ்சு சொன்னதில்லீங்க. ஊகிச்சுச் சொன்னேன். சரியா அமைஞ்சு போச்சு. அதைச் சொன்னேன்." பிடித்த கையை விடாமல் நிற்கிறேன். "டாக்டரம்மா என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. எழுதினதை அடிச்சுட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வாங்கன்னாங்க, அதுக்குள்ள வந்துரும்னு அவங்களுக்கு நம்பிக்கை இருக்குதாம்." பேசாமல் வந்திருக்கலாமே என்று தொண்டை வரை வந்துவிடுகிறது, பாதி வார்த்தை வெளியிலும் வந்துவிடுகிறது. அவளுக்குக் கோபம் இல்லை. "ஓடற வண்டில ஊகிக்க முடியாதுங்களே," என்கிறாள், வீட்டில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. கையை உருவிக்கொண்டு, பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்கிறாள். "வாங்க, பசிக்குது. கேன்டீன்ல என்ன இருக்குதுன்னு பாக்கலாம்." வராண்டாவில் நேராக நடந்து போகிறாள், அன்றைக்குப் பாசூர் கேட்டில் போன மாதிரியே, திரும்பிப் பார்க்காமல். பெஞ்சின் மறுகோடியில் எப்போது வந்து உட்கார்ந்தாரோ தெரியவில்லை, காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கையில் தன்னுடைய சீட்டை வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்க்கிறார். "தம்பி, உங்க வீட்டுக்காரம்மாங்களா? பாஸ் ஆயிட்டாங்களா?" "இல்லீங்கண்ணா," என்கிறேன். பிள்ளை பிறந்த சேதியைச் சொல்கிறவன் மாதிரி சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் குழம்பிப்போய் என் முகத்தையும் அவள் போன திசையையும் மாறி மாறிப் பார்க்கிறார். "இல்லீங்கண்ணா, ஆகலை," என்று இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொல்லிவிட்டு, அவளை எட்டிப் பிடிக்க ஓடுகிறேன்.